குளிர்மழை நாட்டுப் புல்வெளி: மண் மூச்சுவிட்டால் பாதி வேலை முடிந்தது

நம் இயக்க நண்பர்கள் பலருடைய பிள்ளைகள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறவர்கள் இரண்டு விஷயம் தவறாமல் சொல்வார்கள். "அங்க வீட்டைச் சுத்திப் பச்சைப் பசேல்னு புல்லு. வருஷம் பூரா மழை. தண்ணியே ஊத்த வேண்டாம்" என்பது ஒன்று. "நம்ம ஜீவாமிர்தத்தை அங்கேயும் கரைச்சு ஊத்தினாப் போதும், ஜோரா வந்துடும்" என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி உண்மைதான்.

மகள் குடும்பம் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் பக்கம் இருக்கிறது. அங்கே குளிர்காலம், கோடைக்காலம் இரண்டிலும் தங்கி, வீட்டுப் புல்வெளியையும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் கவனித்திருக்கிறேன். வயலில் நாம் படித்த பாடம் அங்கே எந்த அளவுக்குச் செல்லுபடியாகும், எங்கே ஆகாது, அந்த ஊர்க்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன். இது வெறும் அழகுத் தோட்ட விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் காசு கொடுத்து வாங்கும் மட்கு உரம் வரைக்கும் இது வந்து சேரும்.

மழைக் கணக்கு

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரி சுமார் 1,400 மி.மீ. மழை. "மழை நகரம்" என்று பெயர் வாங்கிய சியாட்டிலுக்கு வருவது 1,000 மி.மீ.க்கு ஒட்டித்தான். ஆனால் நமக்கு நாலு புயலில் கொட்டித் தீர்ப்பது அங்கே ஏறக்குறைய 150 நாட்களுக்குத் தூறலாகப் பிரிந்து வருகிறது. அக்டோபரில் தொடங்கினால் ஏப்ரல் வரை மண் காயவே காயாது. அந்த ஈரம் முழுக்கக் குளிர்காலத்து ஈரம். ஜனவரியில் சராசரி வெப்பம் 5 டிகிரி அளவில்தான் இருக்கும். டிசம்பரில் பகல் எட்டரை மணி நேரம். சூரியனும் உச்சிக்கு ஏறாமல் அடிவானத்தை ஒட்டியே போய்விடும்.

கோடையோ நேர்மாறு. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் சேர்ந்து 50 மி.மீ.கூடத் தேறாது. பகல் பதினாறு மணி நேரம் வரை நீளும். ஆக, புல்லுக்கு வளரத் தேவையான சூடும் வெளிச்சமும் இருக்கும்போது தண்ணீர் இல்லை. தண்ணீர் நிறைய இருக்கும்போது சூடும் வெளிச்சமும் இல்லை. வரவும் செலவும் வேறு வேறு மாதத்தில் விழுகிற கணக்கு. இடையில் சேமித்து வைக்க ஒரு கிடங்கு இருந்தால்தான் சமாளிக்க முடியும். அந்தக் கிடங்குதான் மண். அங்கே சிக்கலே அதில்தான் இருக்கிறது.

பனிப்பாறை இறுக்கிய நிலம்

பதினைந்து, பதினாறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பகுதி முழுக்கப் பனிப்பாறைக்கு அடியில் இருந்தது. சியாட்டில் இருக்கும் இடத்தில் மட்டும் பனியின் கனம் ஏறக்குறைய 900 மீட்டர். அத்தனை பாரமும் ஏறி நகர்ந்ததில், களிமண், மணல், கூழாங்கல் எல்லாம் சேர்ந்து கான்கிரீட் மாதிரி இறுகிவிட்டது. நம் பக்கத்துச் சுக்கான் நிலம் பார்த்தவர்களுக்குச் சொன்னாலே புரியும்: கடப்பாறை போட்டால் 'டங்' என்று எதிரொலிக்கும்.

அந்தக் கடினப்படுகைக்கு மேலே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காடு உதிர்த்த இலையும் மரமும் மட்கி, பஞ்சு மாதிரி ஒரு மேல்மண் உருவாகியிருந்தது. டக்ளஸ் ஃபிர், சிவப்பு சீடர் மரங்கள் ராட்சத உயரத்துக்கு நின்றது அந்த மண்ணில்தான். வீடு கட்டுகிறவர்கள் முதல் வேலையாக அந்த மேல்மண்ணை வழித்து எடுத்துவிடுகிறார்கள். பிறகு கனரக வண்டிகள் மேலும் கீழும் ஓடி மிச்சத்தையும் இறுக்கும். வீடு முடிந்ததும் அந்த இறுகிய தரைமேலேயே சுருட்டிய பாய் மாதிரி வரும் புல்தளத்தை விரித்துவிடுவார்கள். பார்க்கப் பச்சையாக இருக்கும். வேர் இரண்டு அங்குலத்தைத் தாண்டாது.

இதைச் சரிசெய்ய இப்போது வாஷிங்டன் மாநில மழைநீர் விதிமுறைகளிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். கட்டுமானம் முடிந்த நிலத்தில் எட்டு அங்குல ஆழத்துக்கு மண்ணைச் சீர்செய்ய வேண்டும். புல்வெளிக்கு 5 சதவீதம், செடிப் பாத்திக்கு 10 சதவீதம் அங்ககப் பொருள் இருக்க வேண்டும் என்பது அளவு. நம் தமிழ்நாட்டு வயல்களில் பெரும்பாலானவற்றில் அங்ககக் கரிமம் அரை சதவீதத்தைத் தொடத் தடுமாறுகிறது. அரை சதவீதத்துக்காகத் தலையால் தண்ணி குடிக்கிற நமக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

பாசி யார் பக்கம்?

அந்த ஊர் வீட்டுக்காரர்களுக்குத் தலையாய எதிரி பாசி. குளத்துப் பாசி இல்லை. மழைக்காலத்தில் நம் கிணற்றுச் சுவரிலும் ஓட்டுக் கூரையிலும் வெல்வெட் மாதிரிப் படருமே, அந்த வகை. குளிர்காலம் முடியும்போது பாதிப் புல்வெளி பாசியாகியிருக்கும். கடைக்குப் போனால் இரும்பு சல்பேட் கலந்த சரக்கு கொடுப்பார்கள். தூவினால் இரண்டு மூன்று நாளில் பாசி கருகிவிடும். சிமெண்ட் தரையில் சிதறினால் துருக்கறையும் பிடிக்கும். அடுத்த குளிர்காலத்தில் பாசி அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிடும்.

காரணம் எளிது. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. இலையாலேயே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மண் இறுகியிருந்தாலும், நீர் தேங்கினாலும், நிழல் விழுந்தாலும், சத்து குறைந்தாலும், அமிலம் ஏறினாலும் அதற்குக் கவலை இல்லை. புல்லால் இருக்க முடியாத இடத்தில்தான் பாசி குடியேறுகிறது. அது வந்து புல்லை விரட்டவில்லை. நம் வயலில் கோரை மண்டினால் 'வடிகால் சரியில்லை' என்று படிக்கிறோம் இல்லையா, அதே மாதிரி இதையும் படிக்க வேண்டும்.

தொடர் மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுவதால் அந்தப் பக்கத்து மண் பெரும்பாலும் அமிலத் தன்மை உள்ளது. மண் பரிசோதனையில் கார அமில நிலை ஐந்தரைக்குக் கீழே போனால் வேளாண் சுண்ணாம்பு தூவுவார்கள், ஒரு தடவைக்கு 1,000 சதுர அடிக்குச் சுமார் 20 கிலோ என்ற கணக்கில். சுண்ணாம்பு பாசியைக் கொல்லாது. புல்லுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுக்கும், அவ்வளவுதான். அடர்ந்த மர நிழலில் எது செய்தாலும் புல் வராது. அங்கே பாசியையே தரைவிரிப்பாக விட்டுவிடுவது புத்திசாலித்தனம். சியாட்டிலுக்கு எதிரே பெயின்பிரிட்ஜ் தீவில் இருக்கும் புளோடெல் ரிசர்வ் என்ற பெரிய தோட்டத்தில் பாசிக்கென்றே தனிப் பகுதி வைத்துப் பராமரிக்கிறார்கள்.

குளிர் மண் தூங்கும் மண்

நம்மவர்கள் நினைப்பதுபோல ஜீவாமிர்தமோ மட்கோ போட்ட உடனே வேலை செய்யாததற்குக் காரணம் வெப்பம். நம் மண் வருடம் முழுக்கச் சூடாகவே இருக்கிறது. நுண்ணுயிர்கள் ஓய்வில்லாமல் வேலை செய்கின்றன. போட்ட தழை இரண்டு மாதத்தில் காணாமல் போகிறது. அங்கே மண்ணின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர்களின் வேகம் மந்தமாகிவிடும். அப்போது கொடுக்கிற உயிர் உரம் அப்படியே கிடக்கும். ரசாயன உரமாக இருந்தால் இன்னும் மோசம்: புல் எடுத்துக்கொள்ளாது, மழை எடுத்துக்கொண்டு போய்விடும்.

புல்லும் வேறு இனம். நம் அருகம்புல் 30 டிகிரி வெயிலில் குதூகலமாகப் படரும். குளிரில் காய்ந்து பழுப்பாகிவிடும். அங்கே விதைக்கிற ரை புல், ஃபெஸ்க்யூ வகைகள் 15 முதல் 24 டிகிரியில்தான் நன்றாக வளரும். அதாவது வசந்தகாலம் ஒன்று, இலையுதிர்காலத்தின் தொடக்கம் ஒன்று. இந்த இரண்டு சன்னல்கள் திறந்திருக்கும்போது செய்வதுதான் வேலை. மற்றதெல்லாம் வீண் செலவு.

அந்த ஊரில் ரசாயனம் இல்லாமல் புல்வெளி பராமரிக்கிறவர்கள் செய்வதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்:

1. உயரம். புல்லை இரண்டு அங்குலத்துக்குக் குறைக்காமல் வெட்டுவது. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. மேலே உயரம் இருந்தால்தான் கீழே வேர் இறங்கும்.

2. வெட்டிய புல்லை அங்கேயே விடுவது. நாம் மூடாக்கு என்று சொல்வதுதான். ஓராண்டுக்குத் தேவையான தழைச்சத்தில் கால் பங்கு இதிலேயே கிடைத்துவிடும். அதை அள்ளி மூட்டை கட்டி வெளியே அனுப்பிவிட்டு, கடையில் உரம் வாங்கிவருவது சொந்தப் பணத்தை வட்டியில்லாமல் வெளியே கொடுத்துவிட்டு வட்டிக்குக் கடன் வாங்குகிற கதை.

3. மண்ணைத் திறப்பது. விரல் கனத்தில் இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு மண்ணைக் குத்தி எடுத்துப் போடும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. வசந்தத்திலோ செப்டம்பரிலோ அதை ஓட்டி, மேலே கால் முதல் அரை அங்குலம் சலித்த மட்கு பரப்பி, விதை தூவுவார்கள். மட்கு ஓட்டைகளுக்குள் இறங்கும். மண்புழு மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். பாசிக்கு உண்மையான மருந்து இதுதான்.

4. இரண்டு வேளைச் சாப்பாடு. மெதுவாகக் கரையும் இயற்கை உரம் மே மாதம் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை. ஒன்றுதான் முடியும் என்றால் செப்டம்பர். குளிர் வருமுன் வேர் பலப்பட அதுதான் உதவும்.

5. கோடைத் தண்ணீர். வாரம் ஒரு அங்குலம் கொடுக்கலாம். இல்லையென்றால் பழுப்பாகிப் படுக்க விட்டுவிடலாம். மாதம் ஒருமுறை நனைத்தால் போதும், முதல் மழையில் எழுந்துகொள்ளும். பழுப்பு என்றால் செத்துப்போனது என்று அர்த்தமில்லை. நம் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பூச்சியிலும் இதே நிதானம்தான். கொசுவைப் பெரிதாக்கினாற்போல நீண்ட காலுடைய கிரேன் ஈ என்ற ஒன்று 1960களில் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தது. அதன் புழு புல் வேரைக் கடிக்கும். திடமான புல்வெளி ஒரு சதுர அடிக்கு 25 புழு வரை தாங்கிக்கொள்ளும் என்று வேளாண் விரிவாக்கத் துறையினரே சொல்கிறார்கள். பறவைகள் வந்து கொத்தித் தின்றுவிடும். எண்ணிப் பார்க்காமல் மருந்தடிக்கக் கூடாது என்று நாம் நெல்லில் சொல்வதுதான் அங்கேயும்.

க்ளோவர் என்ற சிறு பயறுவகைச் செடியின் கதையையும் சொல்ல வேண்டும். காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கும் செடி அது. ஒரு காலத்தில் புல் விதையோடு அதையும் கலந்துதான் விற்றார்கள். 1940களில் 2,4-டி களைக்கொல்லி சந்தைக்கு வந்தது. அது அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். க்ளோவரும் அதில் மாட்டிக்கொண்டது. மருந்தை மாற்றுவதற்குப் பதிலாகச் செடியைக் களை என்று அறிவித்துவிட்டார்கள். இலவசமாகத் தழைச்சத்து கொடுத்தவனை வேலையைவிட்டு நீக்கிவிட்டு, மூட்டையில் யூரியா வாங்கினார்கள். இப்போது சிலர் மறுபடியும் க்ளோவர் கலந்து விதைக்கிறார்கள் என்பது நல்ல செய்தி.

மழை எடுத்துப் போவது

வீட்டுப் புல்வெளி சின்ன இடம்தான். ஆனால் ஒரு நகரத்தில் அது லட்சக்கணக்கில் இருக்கிறது. எல்லாவற்றிலிருந்தும் வழிகிற நீர் ஒரே ஓடைக்குத்தான் போகிறது. சியாட்டில் அமைந்துள்ள கிங் கவுண்டியில் மழை நேரத்து ஓடைநீரை அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை பரிசோதித்து 1999இல் அறிக்கை வெளியிட்டது. 23 வகைப் பூச்சிக்கொல்லிகளும் களைக்கொல்லிகளும் அந்த நீரில் இருந்தன. அதே மருந்துகள் வீட்டு உபயோகத்துக்குக் கடைகளில் எவ்வளவு விற்கின்றன என்பதோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போது சிக்கியவற்றில் ஒன்றான டயசினான் 2004 இறுதியோடு வீட்டு உபயோக விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது.

அடுத்தது மணிச்சத்து. புல்வெளியிலிருந்து வழிந்து ஏரிக்குப் போனால் நீர்ப்பாசி பெருகி, நீரிலுள்ள உயிர்வாயு குறைந்து மீன் சாகும். வாஷிங்டன் மாநிலம் 2011இல் சட்டம் இயற்றி, 2013 ஜனவரி முதல் புல்வெளிக்கு மணிச்சத்து கலந்த உரம் போடுவதைக் கட்டுப்படுத்தியது. புதிதாகப் புல் விதைக்கும்போதும், மண் பரிசோதனையில் குறை என்று தெரிந்தாலும் மட்டும் விலக்கு. 'பரிசோதித்துப் பார், குறை இருந்தால் போடு' என்பதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

இதையெல்லாம்விட மனதைத் தொட்டது கோஹோ சால்மன் மீனின் கதை. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஓடைக்கே திரும்பி வரும் மீன் அது. இலையுதிர்கால முதல் மழையோடு ஓடைக்குள் ஏறியவை, முட்டையிடாமலேயே தடுமாறிச் செத்தன. நகரத்து ஓடைகள் சிலவற்றில் வந்த மீன்களில் 40 முதல் 90 சதவீதம் வரை இப்படிப் போயின. பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகு 2020இல் காரணம் தெரிந்தது: கார் டயர் தேய்ந்து உதிரும் தூளிலிருந்து உருவாகும் ஒரு வேதிப்பொருள், சாலையிலிருந்து மழைநீரோடு ஓடைக்குப் போகிறது.

குற்றவாளி டயர்தான், புல்வெளி அல்ல. ஆனால் மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? மண்ணிலிருந்து. அதே சாலை நீரை, மணலும் மட்கும் கலந்த மண் அடுக்கு வழியே வடிய விட்டு, அந்த நீரில் மீனை விட்டுப் பார்த்தார்கள். மீன் பிழைத்துக்கொண்டது. வடிகட்டாத நீரில் விட்டவை சில மணி நேரத்தில் செத்தன. உயிருள்ள மண் நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று நாம் மேடையில் பேசுவதை அங்கே மீனை வைத்து நிரூபித்திருக்கிறார்கள்.

அதனால்தான் அந்த ஊரில் மழைத்தோட்டம் என்ற முறை பரவுகிறது. கூரைத் தண்ணீர் விழுகிற இடத்துக்குப் பத்தடி தள்ளி ஆழமில்லாத ஒரு பள்ளம். அதில் மட்கு கலந்த மண். ஈரமும் வறட்சியும் தாங்குகிற உள்ளூர் செடிகள். தண்ணீர் தேங்கி ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். சியாட்டில் மாநகராட்சி 2001இல் ஒரு தெரு முழுக்க இப்படி அமைத்தது. அந்தத் தெருவிலிருந்து வெளியேறும் மழைநீர் 98 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நம் பண்ணைக்குட்டைக்கும் வரப்போர வாய்க்காலுக்கும் அது தம்பி முறை.

மூடாக்கும் அங்கே அளவோடு

புல்லே வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. புல்மேல் அட்டைப்பெட்டிக் காகிதத்தை விரித்து, நனைத்து, மேலே மரச்சீவல் போட்டு மூடிவிடுவார்கள். ஒரு குளிர்காலத்தில் புல் மட்கி நல்ல மண்ணாகும். பிறகு சாலல், சுவார்டு ஃபெர்ன், சிவப்புப் பூ கரண்ட் போன்ற அந்த மண்ணுக்கே உரிய செடிகளை வைக்கலாம். வேர் ஊன்றிய பிறகு கோடையிலும் அதிகம் தண்ணீர் கேட்காது.

இங்கே ஒரு வித்தியாசம் முக்கியம். நம் ஊரில் மூடாக்கு எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது. அங்கே காய்கறிப் பாத்தியில் வைக்கோலைக் கனமாகப் போட்டால், வசந்தத்தில் மண் சூடேறவே தாமதமாகும். ஓடில்லா நத்தைகள் அதற்குள் குடித்தனம் நடத்தி இரவோடு இரவாக நாற்றை மொட்டையடிக்கும். அதனால் மரம், புதர்களுக்கு மட்டும் இரண்டு மூன்று அங்குல மரச்சீவல், அதுவும் தண்டைத் தொடாமல். மண்ணை மூடி வை என்கிற கோட்பாடு ஒன்றுதான். எதனால், எவ்வளவு, எப்போது என்பதை அந்தந்த ஊர் வெயிலும் மழையும் முடிவு செய்கின்றன.

மட்குக்குள் வந்த நஞ்சு

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயத்துக்கு வருகிறேன். அதே வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், ஸ்போக்கேன், புல்மன் ஊர்களில் 2000ஆம் ஆண்டு வாக்கில் தக்காளியும் பயறும் இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு நின்றன. போட்டது நல்ல மட்கு. நோயும் இல்லை. தேடிப் பார்த்ததில், வீட்டுப் புல்வெளிகளில் அடித்த க்ளோபைராலிட் என்ற களைக்கொல்லி, வெட்டிய புல்லோடு மட்கு நிலையத்துக்கு வந்திருந்தது தெரிந்தது. மட்கு சூடேறியும் அது சிதையவில்லை. நூறு கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே தக்காளி, பயறு, சூரியகாந்திக் குடும்பங்கள் பாதிக்கப்படும். 2002இல் மாநில வேளாண் துறை புல்வெளிகளில் அதன் பயன்பாட்டைத் தடுத்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். எவரோ ஒருவர் வீட்டு வாசலில் நாலு மஞ்சள் பூவைக் கொல்ல அடித்த மருந்து, ஒரு கைப்பிடி ரசாயனம்கூடத் தொடாத இயற்கை விவசாயியின் பாத்தியைக் கெடுத்திருக்கிறது. இந்த வகை மருந்து பட்ட தீவனத்தை மாடு தின்றாலும், சாணத்திலும் கோமியத்திலும் அது வெளிவரும். நாமும் நகராட்சி மட்கு வாங்குகிறோம். வெளியூர் வைக்கோலும் தொழு உரமும் லாரியில் இறக்குகிறோம். வங்கியில் அடமானம் வைக்க வரும் நகையை உரைத்துப் பார்க்காமல் பெட்டிக்குள் வைப்பதில்லை. மட்குக்கும் ஒரு உரைகல் இருக்கிறது, காசு செலவில்லை.

நாலைந்து தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் உங்கள் தோட்டத்து நல்ல மண்ணை மட்டும் நிரப்புங்கள். மீதியில் அதே மண்ணும் வாங்கப்போகும் மட்கும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். ஒரு தொட்டியின் வடிநீர் இன்னொன்றுக்குப் போகாமல் தள்ளி வையுங்கள். எல்லாவற்றிலும் நாலைந்து தட்டைப்பயறு விதையும் ஒரு தக்காளி நாற்றும் வைத்து, ஒரே மாதிரி தண்ணீர் விடுங்கள். மூன்று வாரம் பொறுங்கள். மட்கு போட்ட தொட்டியில் மட்டும் புது இலை கிண்ணம் மாதிரிக் குவிந்தோ, தண்டு முறுக்கியோ வந்தால் அந்தச் சரக்கை வாங்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக வளர்ந்தால் தாராளமாக இறக்கலாம்.

நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து நண்பர்களுக்கு மேலே சொன்ன பெரும்பகுதி அப்படியே பொருந்தும். அமில மண், குளிர்ந்த தூறல், பாசி எல்லாம் அங்கேயும் உண்டு. விடுதிக்கும் பங்களாவுக்கும் புல்வெளி பராமரிக்கும் வேலை கிடைத்தால், மருந்துப் பட்டியலை நீட்டுமுன் ஒரு கம்பியை மண்ணில் குத்தி எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று காட்டுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களும் இதையே செய்யலாம். கம்பி இறங்கவில்லை என்றால், எந்த உரம் வாங்கலாம் என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, செப்டம்பர் மாதம் மண்ணைத் திறக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள்.